கை கூப்பாதவள்

பெரும்பான்மை சொன்னால் நீங்கள் கும்பிடுவீர்களா? அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். முதலில் இந்தப் பெண்ணைப் பாருங்கள்.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில், மடிப்பு அறையில் வேலை. எதற்கெடுத்தாலும் காரணம் கேட்பதால் 'ஏனக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. சூப்பர்வைசர் வைத்ததே சட்டம் என்றிருந்த இடத்தில், யாருக்கு எந்த ஷிப்ட் என்பதை ஓட்டெடுத்து முடிவு செய்யும் வழக்கத்தைச் சண்டை போட்டுக் கொண்டுவந்தவள் அவள்தான்.

போன மாதம் அதே ஓட்டு அவள் மீதே பாய்ந்தது. வேலை தொடங்குமுன் எல்லோரும் வரிசையில் நின்று பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று முடிவானது. எதிர்த்தவள் அவள் ஒருத்தி.

"நீ கொண்டாந்த ஓட்டுதானேடி. இப்ப கசக்குதா?" என்றாள் இஸ்திரி மெஷின்காரி.

"ஷிப்ட் எல்லாருக்கும் பொது, அதுக்கு ஓட்டு. என் மனசு பொதுவா? நீங்க கும்பிடுங்க, நான் குறுக்க நிக்கல. நம்பாத நானும் ஏத்துக்கற மாதிரி ஒரு காரணம் சொல்லுங்க, நாளைக்கே நிக்கறேன்."

"சாமிக்கே காரணம் கேக்கறா. மழை பேஞ்சா மேகத்துக்கு மெமோ குடுப்பா" என்றாள் இஸ்திரி மெஷின்காரி மற்றவர்களைப் பார்த்து.

அறையே சிரித்தது. சிரித்தபடியே எல்லோரும் மேசைக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் முதல் அவளோடு யாரும் துணி பிடிக்கவில்லை. படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். தனியாக மடித்தால் நுனி தரையில் படும். பட்டால் மறுபடி வெளுக்க வேண்டும். நுனியைக் கதவிடுக்கில் செருகிப் பார்த்தாள். பல்லால் கவ்வியும் பார்த்தாள். வேலை தெரியாதவள் என்று சூப்பர்வைசர் புகார் எழுதினார்.

எதிர் மேசையில் நின்றவள் சொந்தத் தங்கை.

"சும்மா கையைக் கூப்பி நில்லேன்க்கா. உள்ள என்ன நெனைக்கறேன்னு யாரு பாக்கப் போறா?"

"பொய்க் கும்பிடுதான் உங்க சாமிக்கு வேணுமா?"

தங்கை குனிந்துகொண்டாள். உதவினால் அடுத்து ஒதுக்கப்படுவது அவள்தான். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அப்பாவுக்கு இந்த இரண்டு சம்பளத்தை விட்டால் வேறு கதியில்லை.

எண்ணிக்கை எப்போது காரணமாயிற்று? அடங்க வேண்டியவருக்கு அவர் ஏற்கக்கூடிய நியாயத்தைச் சொல்ல முடியாத கட்டளை, எத்தனை பேர் சேர்ந்து போட்டாலும் வெறும் முரட்டுப் பலம்தான்.

வரும் திங்கட்கிழமை காலை மேலாளர் அறையில் அந்தப் புகார்மீது விசாரணை. அவள் பக்கம் பேச ஆலையில் ஒருவரும் இல்லை. தங்கை லீவு சொல்லிவிட்டாள். "நானே போய் வரிசையில நின்னுடுவேனோன்னு பயமா இருக்கு" என்று ஏனக்கா அடுத்த வீட்டில் இருக்கும் என்னிடம் சொன்னாள். 

விசாரணைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். வாருங்கள். பக்தராக இருந்தால் கட்டாயம் வாருங்கள். இவளை ஏன் கட்டாயப்படுத்துகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.