புஷ்பம் அழித்த கோப்பு

எங்கள் ஆபீசில் ஒரு வேலையை யாரும் வேலை என்றே மதிப்பதில்லை. பத்தொன்பது வருஷமாக அதைச் செய்துவருகிறவர் புஷ்பம் அக்கா. ஆழ்வார்பேட்டையில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி இருக்கிறது. ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு ரிப்போர்ட் அச்சடிக்கும் மென்பொருள் செய்கிறோம். நான் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன்.

நாங்கள் கையால் எழுதும் நிரல் ஒரு பக்கம். அதை வைத்துக் கம்ப்யூட்டர் தானாக எழுதித் தள்ளும் கோப்புகள் இன்னொரு பக்கம், ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு புது வெர்ஷனுக்கும் முன்னால் இந்த இரண்டாவது வகையை ஒன்று விடாமல் அழித்துவிட்டு, புதிதாக உருவாக்க வேண்டும். பழசு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் எங்காவது ஒரு ரிப்போர்ட் தப்பாகும். அதுதான் அக்காவின் வேலை. ஆதம்பாக்கத்திலிருந்து எட்டரைக்கே வந்து, அழிக்கப்போகும் பட்டியலைத் தாளில் அச்சடித்து, ஒவ்வொரு ஃபோல்டராகப் பென்சிலால் டிக் அடிப்பார். ஆபீஸ் பசங்கள் அவரைப் ‘பெருக்குற அக்கா’ என்று கிண்டல் செய்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

போன ஜூனில் புது வெர்ஷன் போன மறுநாளே, அடையாறில் ஒரு பரிசோதனை நிலையத்தில் குழந்தைகளின் ரிப்போர்ட்டெல்லாம் சிவப்பில் வந்தன. நன்றாக இருக்கிற பிள்ளைக்கு ரத்தம் குறைவு என்று. பெரியவர்களுக்கான அளவைக் குழந்தைகளுக்கும் வைத்துப் பார்த்திருக்கிறது மென்பொருள். ஒரு அம்மா கவுண்டரிலேயே உட்கார்ந்து அழுதாராம். இதே கோளாறு மார்ச்சில் ஒருமுறை வந்து, எங்கள் மேனேஜர் பாலகணேஷ் சரிசெய்துவிட்டதாக மார்தட்டிக்கொண்டதுதான். எப்படித் திரும்பி வந்தது என்று நிலையத்தார் கேட்டதற்கு, அந்தத் திருத்தத்தைப் புஷ்பம் க்ளீன் பண்ணும்போது அழித்துவிட்டார் என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டான். தவறு செய்தவர் கையெழுத்தோடு கடிதம் வேண்டும், அந்த ஆள் இனி எங்கள் வேலையைத் தொடக்கூடாது என்றார்கள் அவர்கள். எங்கள் ஆபீசில் பாதி வேலை அவர்களுடையது. அதைத் தொடக்கூடாது என்றால் அக்கா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கடிதத்தை அவனே டைப் செய்து அவர் மேஜையில் வைத்தான்.

“சைன் மட்டும் போடுங்க மேடம், மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

அக்கா போடவில்லை. என்னிடம் வந்து, மார்ச் மாத பேக்கப் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதில் குழந்தைகளின் அளவு இருக்கும் கோப்பை இரண்டு பேரும் திறந்தோம். முதல் வரியிலேயே ‘இது தானாக உருவானது, கையால் திருத்தாதீர்கள்’ என்று இருக்கிறது. அதற்கு நாற்பது வரி கீழே குழந்தைகளின் அளவைக் கையால் திருத்தி, பக்கத்தில் ‘பாலா, தற்காலிகம்’ என்று எழுதி வைத்திருக்கிறான் புண்ணியவான். அக்கா லீவில் இருந்த வாரம் அது. அந்தக் கோப்பை எதை வைத்துக் கம்ப்யூட்டர் எழுதுகிறதோ, நாங்கள் கையால் எழுதிய அந்த மூலப் பட்டியலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அங்கே திருத்தியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. நூறு தரம் அழித்தாலும் சரியாகவே திரும்பி வந்திருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த மவுஸை உடைத்திருப்பேன்.

அக்கா கத்தவில்லை. மூலப் பட்டியலைத் திருத்தி, சோதித்துப் பார்த்து, சேமித்தார். ஒவ்வொரு மாற்றத்தோடும் காரணம் எழுத ஓர் இடம் உண்டு. எங்கள் ஆட்கள் ‘சின்ன மாற்றம்’ என்று ஒப்புக்கு எழுதுவார்கள். அக்கா முழுசாக எழுதினார். அழிக்கப்பட வேண்டிய கோப்பில் மார்ச்சில் பாலகணேஷ் கையால் செய்த திருத்தம், ஜூனில் வழக்கம்போல் சுத்தம் செய்ததில் போய்விட்டது. அதனால்தான் குழந்தைகளின் ரிப்போர்ட்டுகள் தவறாயின என்று. யாரும் வேண்டுமென்றே எடுக்காவிட்டால் கம்பெனி இருக்கிறவரை அந்தப் பதிவு இருக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அதைப் படித்துவிட்டு அரை மணி நேரத்தில் ஓடி வந்தான் பாலகணேஷ். அந்தப் பதிவை எடுத்துவிடச் சொல்லி முதலில் கெஞ்சினான், அப்புறம் மிரட்டினான். ஆயிரம் கோப்பை அழிக்கிறவருக்கு நாலு வரியை அழிக்க என்ன வலிக்கிறது என்று கேட்டான்.

“மெஷின் எழுதினதைத்தான் சார் நான் அழிப்பேன். இது நான் எழுதினது,” என்றார் அக்கா.

அவன் என் பக்கம் திரும்பினான். “வைரவன், உங்களுக்கு சர்வர்ல ரைட்ஸ் இருக்குல்ல? நீங்க எடுத்துடுங்க.”

இருக்கிறது. ஒரே கட்டளையில் போய்விடும். எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். பதிவு அப்படியே நின்றதால் கடைசியில் கடிதம் அவன் பெயரிலேயே போனது. அக்கா இன்றைக்கும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். ஆனால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு முழுசாக ஒரு நிமிஷம் ஆனது. பெண்ணின் காலேஜ் அட்மிஷன், என் ப்ரமோஷன் என்று என்னென்னவோ மனசில் ஓடியது. அந்த நிமிஷம் முழுக்க அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.