புகார் மாஃபி

தோழிகளே, இந்த மெசேஜை யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக, என் அப்பாவின் ஆபீஸிலேயே இருக்கும் உங்கள் அப்பாக்களிடம். தெரிந்தால் என் அப்பாவுக்கு வேலை போய்விடும்.

மழையால் இன்று ஸ்கூல் லீவு அல்லவா? இந்தப் பாலைவன நாட்டில், ராசல்கைமா மலையில் பனி விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், அப்பா ஆபீஸுக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, என்னோடு நண்பரின் காரில் கிளம்பிவிட்டார்.

மேலே வண்டி போகாது. கீழே நின்று வெள்ளை உச்சியைப் பார்த்தோம். ஜீப்பில் இறங்கி வந்த ஒருவர் கை நிறையப் பனி கொடுத்தார்.

அப்பா வாயில் போட்டுப் பார்த்தார். "நம்ம ஃப்ரிட்ஜ் ஐஸ் மாதிரிதாண்டி இருக்கு."

சாயங்காலம் அப்பா குளிக்கும்போது அவருடைய சூப்பர்வைசர் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் எடுத்தார். அம்மா ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம்தான்; இந்தி தெரியாது, அரபியில் 'இல்லை' என்பதற்கு 'மாஃபி' என்று மட்டும் கற்றிருக்கிறார்.

"புகார் ஹை க்யா?" என்று கேட்டார் அவர்.

அம்மா பதறிவிட்டார். "புகாரா? அவர் மேல ஒரு புகாரும் கிடையாது, பாய்! புகார் மாஃபி!"

"அச்சா," என்றார் அவர். வீட்டுக்கே வந்து பார்ப்பதாக இந்தியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"யாரோ அப்பா மேல கம்ப்ளைண்ட் குடுத்திருக்காங்கடி. நான் விட்டுக் குடுக்கல," என்றார் அம்மா.

"அம்மா, இந்தியில புகார்னா காய்ச்சல், ஹைனா இருக்கு. காய்ச்சல் இருக்கான்னுதான் கேட்டார்."

இப்போது அப்பா இரண்டு போர்வைக்குள் படுத்திருக்கிறார். ஆனால் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. காய்ச்சல்காரரின் சிரிப்பை நிறுத்த வழி தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள்.

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா கேட்கிறார், "ஏய், இப்ப ஹைனு சொல்லணுமா, மாஃபி