அடுத்த அறையின் நட்சத்திரங்கள்

1. திரை

எங்கள் மருத்துவமனை வரவேற்பறையில் டோக்கன் எண் ஓடும் திரையில், ஒரு திங்கட்கிழமை டாக்டர்களின் பெயருக்கு நேரே நட்சத்திரங்களும் ஓடத் தொடங்கின. நோயாளிகள் போட்ட மதிப்பெண். எனக்கு 4.1. அடுத்த அறை டாக்டர் நித்யாவுக்கு 4.8. நித்யா என்னிடம் பயிற்சி எடுத்தவர்.

அந்த வாரமே என் அறை வாசலில் நாற்காலிகள் காலியாகிவிட்டன. நித்யாவின் வாசலில் நிற்க இடமில்லை. யார் யார் போகிறார்கள் என்று தெரிய, என் கதவை லேசாகத் திறந்து வைத்தேன். அவர் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். சர்க்கரை நோய்க்கு என்ன சிரிப்பு என்று எரிச்சலாக வரும்.

2. என் கோரிக்கை

தரப் பிரிவைக் கவனிக்கும் மெர்சியிடம் போனேன்.

"சிரிச்சுப் பேசினா நட்சத்திரமாம்மா? யாருகிட்ட வந்தா சர்க்கரை குறையுதுன்னு கணக்கெடுங்க. அதைத் திரையில போடுங்க."

"நீங்க கேட்டதாலதான் செய்யறேன் சார். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

எடுத்தார். அதிலும் நித்யாதான் மேலே.

"அவங்களுக்கு லேசான கேஸா வந்திருக்கும்."

"வயசு, எத்தனை வருச நோய், எல்லாம் கணக்குல சேர்த்துத்தான் சார் போட்டிருக்கேன்."

அதைத் திரையில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

3. கேன்டீன்

பழனிசாமி சத்தியமங்கலத்து மஞ்சள் விவசாயி. வருடக்கணக்காக என் நோயாளி. இப்போது நித்யாவிடம் போகிறார். கேன்டீனில் மாட்டினார்.

"ஏனுங்க, எங்கிட்ட என்ன கொறைங்க?"

டீ டம்ளரோடு எழுந்துவிட்டார். "ஐயோ, கொறை ஒண்ணுமில்லீங்க. நீங்க பெரிய டாக்டருங்க."

"பெரிய டாக்டரை உட்டுப்போட்டு எதுக்குங்க அங்க போறீங்க?"

கொஞ்சம் நெளிந்தார். "மாத்திரை ஒழுங்காச் சாப்பிடறீங்களான்னு நீங்க கேப்பீங்க. இல்லைன்னு உங்க மொகத்தைப் பார்த்து எப்படிங்க சொல்றது? ஆமாங்கன்னு சொல்லிப்போடுவேன். சர்க்கரை குறையலைன்னு நீங்க டோஸை ஏத்திப்போடுவீங்க. ஒரு வாரம் நெசமாலுமே ஒழுங்காப் போட்டனுங்க. சர்க்கரை ஒரேயடியா எறங்கி, மஞ்சக் காட்டுல மயங்கி உழுந்துபோட்டேன்."

டம்ளரை மேசையில் வைத்தார்.

"அந்தம்மணி, 'இந்த வாரம் எத்தன நாள் உட்டுப்போச்சுங்க?'ன்னுதான் கேப்பாங்க. மூணு நாளுங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிப்போடலாமுங்க."

4. இளம் மருத்துவர்களுக்கு

நம் பக்கத்தில் 'ஆமாங்க' என்பது மரியாதை. அதைத் தகவல் என்று நம்பி டோஸை ஏற்றாதீர்கள். ஒருவர் உண்மையைச் சொல்லக் கூசாதபடி கேள்வியைக் கேட்பதும் வைத்தியம்தான்.

இப்போது நானும் நித்யாவின் கேள்வியைத்தான் கேட்கிறேன். அவரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. எனக்கு 4.3 ஆகியிருக்கிறது. அவருக்கு 4.9.

கதவை இன்னும் லேசாகத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.