பெட்டி கூடக் கூட

வீடுகளில் வைஃபை பெட்டி பூட்டி இணைப்புக் கொடுக்கிறவனுக்கு "நல்லா வேலை செய்யுது" என்று சொல்ல ஒருவரும் போன் எடுப்பதில்லை. இதே வேலையில் கொழும்பு முழுக்க அலைகிற நண்பர்களே, உங்களுக்குத் தெரியாததா?

வெள்ளவத்தை: பஸ் கணக்கு

கடற்கரைப் பக்கம் ஒரு மாடிக் குடியிருப்பு. முழுக் கட்டடத்துக்கும் ஒரே இணைப்பு. மாடிக்கு ஒரு வைஃபை பெட்டி வைத்தேன். கீழ்ப் பெட்டி மேல் பெட்டிக்குக் கடத்தும். நன்றாகவே ஓடியது. பிறகு ஒவ்வொரு வீட்டாரும் தங்களுக்கென்று ஒன்று கேட்டார்கள். எல்லாப் பெட்டியும் ஒரே காற்றில்தான் கதைக்கின்றன, ஒன்று கதைத்தால் பக்கத்திலுள்ளது வாய்மூடி நிற்க வேணும், கூட்டினால் எல்லாருக்கும் காத்திருப்புத்தான் என்று சொல்லிப் பார்த்தேன். குடியிருப்புச் சங்கத் தலைவர் பரமநாதன் அண்ணை, பாங்க் மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, சனம் கூடினால் பஸ்ஸைக் கூட்டுறதுதானே?"

மேல்மாடி

கூட்டினோம். மேல்மாடியில் சுகந்தி ரீச்சர் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வீடியோவில் கணிதம் படிப்பிக்கிறவர். அந்த வருமானத்தில்தான் வாடகை. பெட்டி கூடின பிறகு படம் உறைந்து உறைந்து நிற்க, பெற்றோர் வேறு ரீச்சரைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். நான் போனபோது அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"சிக்னல் கோடெல்லாம் நிறைஞ்சுதான் நிக்குது. பிள்ளையள்தான் ஒவ்வொண்டாப் போகுதுகள்."

கொட்டாஞ்சேனையில் ஒரு செத்தவீடு

ரீற்றா அன்ரியின் புருசன் இறந்துபோனார். கனடாவிலுள்ள மகனுக்கு விசா சிக்கல், வர முடியாது. சடங்கை வீடியோவில் நேரடியாகக் காட்டுவதற்காகச் சொந்தக்காரர் புறக்கோட்டைக் கடையில் பெட்டிகள் வாங்கி அறைக்கொன்றாகக் கொழுவியிருந்தார்கள். வந்த சனத்தின் போன்களும் அதிலேதான். மகனுக்குத் தெரிந்ததெல்லாம் அசையாத ஒரு பூமாலை. என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒன்றைத் தவிர மற்றப் பெட்டிகளைப் பிடுங்கினேன். கமராவுக்கு வயர் இழுத்தேன். போன்களில் வைஃபையை நிறுத்தச் சொல்லிச் சத்தம் போட்டேன். செத்தவீட்டில் இப்படியா கத்துவது என்று ஒருவர் முறைத்தார். படம் அசைந்தது. மகன் அழுகிற சத்தம் கேட்டது. அன்ரி கமராவைச் சவப்பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இப்ப தெரியுதா மகன்? கெதியாப் பார், மூடப் போறாங்கள்."

திரும்பவும் வெள்ளவத்தை

அதற்குப் பிறகு எனக்குப் பொறுமை இல்லை. மாடிக்கு மாடி வயர் இழுக்கவும், பாதிப் பெட்டிகளைக் கழற்றவும் கூட்டத்தில் கேட்டேன். எல்லாரும் சம்மதம், ஆனால் பக்கத்து வீட்டுப் பெட்டியைக் கழற்ற. தன்னுடையதைத் தந்தது சுகந்தி ரீச்சர் மட்டுந்தான்.

வயரை இழுத்துவிட்டு, மற்ற வீடுகளில் பெட்டியின் லைட்டை எரியவிட்டு, அதன் வைஃபையை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்தினேன். இப்போது ஓடுவது மாடிக்கொன்றாக முதலில் வைத்த பெட்டிகள் மட்டுந்தான். ரீச்சரின் வகுப்பு ஒழுங்காக நடக்கிறது. போன பிள்ளைகளில் சிலர் திரும்பியும் வந்துவிட்டார்கள். போன கிழமை லிஃப்டடியில் பரமநாதன் அண்ணை என் தோளில் தட்டினார்.

"பாத்தீரே தம்பி, பெட்டியைக் கூட்டினபடியாத்தான் இப்ப இந்த ஓட்டம் ஓடுது!"

இந்தத் தொழிலில் பூட்டினதற்குக் கூலி கிடைக்கும், பூட்டாமல் விட வேண்டியதைச் சொன்னதற்குக் களைப்புத்தான் மிஞ்சும்.