பொம்மருக்குள் இருந்து ஒரு வேண்டுதல்

முருகன் அடியார்களே, போன ஆவணியில் என் மகளைப் பறிகொடுத்திருப்பேன். இன்று அவள் உங்களோடு இந்த மண்டபத்தில் இருக்கிறாள். அது எப்படி என்று சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

மகள் தர்சினி கட்டியது ஒரு ஜெர்மன் பிள்ளையை. சம்பந்தி கிளவுஸ் தங்கமான மனிதர். அவருடைய அப்பா உலகப் போரில் குண்டு வீசும் பொம்மர் விமானத்தில் வயர்லெஸ் இயக்கியவர். கிளவுஸ் தன் எழுபதாவது பிறந்தநாளுக்கு அந்தக் காலத்துப் பொம்மர் ஒன்றில் பறக்க வேண்டும் என்று, ஹம்பேர்க்குக்கு வெளியே ஒரு சின்ன விமானத் திடலில் எங்கள் எல்லோருக்கும் இடம் பிடித்துவிட்டார். சம்பந்தியின் முகத்தை முறிக்க முடியாமல் ஏறினேன். சிரிக்காதீர்கள். பொம்மர் என்றால் எனக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் அந்த இரைச்சல் கேட்டாலே பதுங்குகுழிக்கு ஓடிய ஆள் நான். உள்ளே அம்மா என்னை மடியில் அமுக்கிக்கொண்டு எப்போதும் ஒரே வேண்டுதலைத்தான் வைப்பார்.

ஏறுமுன் கிளவுஸ் ஒரு கதை சொன்னார். நகரங்களின் மேலே பறக்கும்போது, காதில் மாட்டிய ஹெட்போனில் கீழே இருப்பவர்கள் தன்னைச் சபிப்பது கேட்கும் என்று அவருடைய அப்பா சாகும்வரை சொன்னாராம். கிழவரின் பிரமை என்று கிளவுஸ் சிரித்தார். நானும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன்.

மேலே போனதும் ஹெட்போனை மாட்டினோம். எல்பே ஆறு தெரிந்தது. பிறகு முகில் மூடியது. இடப்பக்க இயந்திரம் செருமி, நின்றுபோனது. தர்சினி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்போது என் காதுக்குள் ஒரு குரல் கேட்டது.

"முருகா, உந்தப் பொம்மர் விழவேணும். எரிஞ்சு விழவேணும், அப்பனே."

அம்மாவின் குரல். அம்மா கண்மூடிப் பல வருடமாகிவிட்டது. பதுங்குகுழியில் கேட்ட அதே மூச்சிரைப்பு. ஹெட்போனைக் கழற்றினேன். அப்போதும் கேட்டது. வலப்பக்க இயந்திரமும் தடுமாறத் தொடங்கியது. ஐயோ, அப்போதுதான் கவனித்தேன், என் வாயும் தன்பாட்டில் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு எனக்குத் தெரிந்த வேண்டுதல் அது ஒன்றுதான்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு வாய்விட்டே கேட்டேன்.

"முருகா, அம்மாட்டைச் சொல்லு. மேல இருக்கிறது நான். பேத்தியும் என்னோட இருக்கிறாள்."

குரல் பாதியில் நின்றது. வலப்பக்க இயந்திரம் சீராக இரையத் தொடங்கியது. முகில் விலகியபோது ஓடுபாதை நேர் முன்னால் கிடந்தது.

இறங்கியதும் நான் புல்லில் குந்தியிருந்து அழுதேன். வெட்கப்படவில்லை. கிளவுஸ் வெளிறிப்போய் என் பக்கத்தில் வந்து இருந்தார். கடைசியில் ஹெட்போனில் ஒரு பெண் விம்மி விம்மி அழுதாளே, அது யார் என்று கேட்டார். எனக்கு அந்த அழுகை கேட்கவில்லை. என் அம்மா என்று மட்டும் சொன்னேன்.

இப்போது வீட்டுக்கு மேலே விமானம் போனால் நான் குனிவதில்லை. உள்ளே இருப்பவர்களைப் பத்திரமாக இறக்கிவிடு என்று கைகூப்புகிறேன். நீங்களும் வேதனையில் முருகனிடம் வைத்துவிட்ட பழைய வேண்டுதல் ஏதும் இருந்தால், பயப்படாமல் போய் மாற்றிக் கேளுங்கள். அவன் கோபிக்க மாட்டான். என் அம்மாவுக்கே எடுத்துச் சொன்னவன் அவன்.