சைவத்துக்கு வந்த செடி

1. இன்று காலை எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு மூடி போட ஆள் வந்தது. தெருவுக்குக் குழாய் வந்துவிட்டதல்லவா!
2. வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து, சுவரில் துருப்பிடித்த ஒரு கொக்கியைக் கண்டார்.
3. "இது எதுக்கு இங்கன?" என்றார்.
4. "செடி தொங்கவிட" என்றேன். அவர் நம்பவில்லை.
5. அம்மை அடுக்களையிலிருந்தபடியே, "எறைச்சி திங்கிற செடி" என்று விளக்கினாள். அவர் கொக்கியைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு மூடியைத் தூக்கப் போனார்.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அந்தக் கொக்கியைக் கையில் வாங்கியதும் ஈரப்பாசியின் வாசனை வந்துவிட்டது. பாசி வந்தது ஒரு பிஸ்கட் டப்பாவில். டப்பா வந்தது கப்பலில்.

அப்போது நான் நாகர்கோவிலில் ஒரு பெண்கள் கல்லூரியில், தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளர். துறைத்தலைவி வெள்ளைக்கார மிஸ். ஊருக்குப் போய்த் திரும்பியவர், தம் நாட்டு ஈரமலையிலிருந்து ஒரு செடியைப் பாசியில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். வெண்ணெய் தடவினாற்போல வழவழத்த வெளிர்பச்சை இலைகள், தரையோடு தரையாக நட்சத்திரம் மாதிரி விரிந்திருக்கும். கொசு வந்து உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும். பிறகு கொசு இராது. இறக்கை மட்டும் இருக்கும்.

கோடை விடுமுறைக்கு மிஸ் கொடைக்கானல் புறப்பட்டார். "இதைக் குளிர்ச்சியாக வைத்திரு. கல்லூரி திறந்ததும் உன் வேலையை நிரந்தரமாக்குவது பற்றிப் பேசுவோம்" என்று செடியை என்னிடம் தந்தார். குளிர்ச்சி வேண்டுமானால் கொடைக்கானலுக்கே கொண்டுபோயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன், மனதுக்குள்.

எங்கள் வீடு சைவ வீடு. முட்டைக்கடை இருக்கும் பக்கமாக அம்மை குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போவாள்.

"ஏட்டி, இது என்ன திங்கும்?"

"கொசு, சின்னப் பூச்சி."

"கொன்னா திங்கும்?"

"ஒட்டிக்கிட்டுச் சாகும். பொறவு திங்கும்."

"அப்போ ஞானம்மா வீட்டுல கொண்டு வையி. அங்க மீன் உண்டு, எறைச்சி உண்டு. அதுக்கும் பொழுது போவும்."

பக்கத்து வீட்டு ஞானம்மாள் அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். ஞாயிறுதோறும் வேதக்கோயிலில் பாடும் கணீர்க்குரல். "குடு மக்கா, நான் வளக்கேன். ஒரு சாளைமீன் துண்டு வச்சா பூத்துத் தள்ளிராதா!"

செடியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. ஈரச்சாக்கு, மண்சட்டி, வடக்குச் சன்னல் எல்லாம் முயன்றேன். நண்பகலில் எல்லாமே வெந்நீர். வீட்டில் குளிர்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான். கிணற்றுச் சுவரில் கொக்கி அடித்து, உறியில் செடியை வைத்துத் தொங்கவிட்டேன். உச்சிவெயில் சற்று எட்டிப்பார்க்கும், கொசுவும் உண்டு. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

மறுநாள் தண்ணீர் கோரப்போன அம்மையின் குரல் தெருக்கோடிவரை கேட்டது. "குடிக்கிற தண்ணிக்க மேலயா எறைச்சிக்கடை வச்சிருக்கே, மூதி!"

"இது செத்தா எனக்க வேலை போயிரும்மா" என்றேன்.

அம்மை வாளியைக் கீழே வைத்தாள். மகள் காலேஜில் வேலை பார்க்கிறாள் என்று கோயில் நடையில் அவள் சொல்லாத ஆள் இல்லை. வெகுநேரம் யோசித்து, "இருக்கட்டு. ஆனா இந்த வீட்டுல இருக்கணும்னா வீட்டுமுறைக்கு இருக்கணும்" என்றாள்.

அதாவது, செடியைச் சைவத்துக்குத் திருப்புவது. முதலில் பருப்புத்தண்ணீர். அப்புறம் பஞ்சில் நனைத்த பால். நான் கொசுவை ஒட்டவைத்தால், அவள் ஈர்க்குச்சியால் எடுத்துப்போட்டு இலையைத் துடைத்துவிடுவாள். நான் படித்த படிப்பும் அவளுடைய ஈர்க்குச்சியும் அந்த உறியில் மோதிக்கொண்டன. நடுவில் செடி பால் குடித்தது.

பிறகுதான் அது நடந்தது. இலைமேல் விட்ட பால் வழியாமல் கெட்டிப்பட்டது. அம்மை விடுவாளா! பழுத்து விழுந்த இலைகளைக் காய்ச்சி ஆற்றிய பாலில் போட்டு மூடிவைத்தாள். மறுநாள் கிண்ணத்தில் ஒருமாதிரித் தயிர். கரண்டியைத் தூக்கினால் நூலாய் நீண்டது.

"ஞானம்மோ, வந்து பாரு! தயிரு போடுகு. இனி இதை எறைச்சி திங்கும்னு எவளாவது சொன்னா நாக்கு அழுவிரும்!"

"சாளை வச்சிருந்தா கறியே வச்சிருக்கும்லா" என்றார் ஞானம்மாள் அக்கா.

அழுகியது செடிதான். ஓர் இலை, அப்புறம் ஓர் இலை, கடைசியில் நடுக்குருத்து. வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை தொடங்கி ஊரே குளிர்ந்த அன்று அது கூழாகிக் கிடந்தது. அன்றைக்கே மிஸ் குடையோடு வாசலில் வந்து நின்றார். நான் காரணங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்: வெப்பம், வெளிச்சக் குறைவு, பால். வாய் திறக்குமுன் அம்மை கடைசி இலையில் உறைந்த தயிர்க் கிண்ணத்தை மிஸ் கையில் கொடுத்துவிட்டாள்.

மிஸ் ஒரு கரண்டி வாயில் வைத்தார். கரண்டிக்கும் வாய்க்கும் நடுவே தயிர் ஊஞ்சல் கட்டியது. என் வேலை அந்த நூலில்தான் தொங்கியது.

"குளிர்நாடுகளில் இந்த இலையால் பாலை உறைய வைப்பார்கள் என்று படித்திருக்கிறேன்" என்றார் மிஸ், தம் புத்தகத்தமிழில். "உண்பது இன்றுதான். பசும்பாலா, எருமைப்பாலா?"

"எருமை" என்றாள் அம்மை பெருமையாக.

"செடி செத்துவிட்டது" என்றேன் நான்.

"தெரிகிறது. ஒரு வாரம்கூடத் தாங்காது என்றல்லவா நினைத்தேன்! எப்படி இத்தனைநாள் வைத்திருந்தாய்?" கிணற்றைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். கல்லூரி திறந்ததும் வேலை நிரந்தரமானது.

அன்று மாலை அம்மை செடியைத் தென்னைமூட்டில் புதைத்தாள். "சைவமாத்தாம்லா செத்திருக்கு. நல்ல கதிதான்."

இப்போது மிஸ் தம் நாட்டுக்குப் போய்விட்டார். ஞானம்மாள் அக்கா மகனோடு அருமனையில் இருக்கிறார். எல்லை மாறியதில், நாங்கள் வீட்டைவிட்டு நகராமலே திருவிதாங்கூரிலிருந்து சென்னை ராஜ்யத்துக்குப் போய்விட்டோம். அந்த மாதிரிச் செடியை நான் அதன்பிறகு பார்க்கவில்லை. கிணறு மூடியாயிற்று. கொக்கி அடுக்களை உத்திரத்தில் இருக்கிறது. அதில் தயிர் உறி தொங்குகிறது.