கிளட்ச் பிளேட்டுக்கு ஓர் எண்ணெய்க் குளியல்

எங்கள் தோட்டத்து லோரி இரண்டு வருடம் தொடர்ந்து கடைசியாக வந்ததற்கு யார் காரணம் என்பதில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒத்துப்போகவில்லை. மலேசியாவில் லாபுப் பக்கம் பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை நட்டுக்கொண்டிருந்த எழுபதுகளின் கடைசி அது. கட்டை இழுக்கும் லோரிகளுக்கு வருடத்தில் ஒருமுறை தோட்டங்களுக்கிடையே போட்டி நடக்கும். சங்கிலியில் கட்டிய மரக்கட்டைகளைச் சேற்றுத் திடலில் அதிக தூரம் இழுக்கும் லோரிக்கு வெற்றி. அப்பா லோரி ஓட்டுநர். அம்மாவின் தம்பியான மாமா பட்டறையில் மெக்கானிக்.

“எந்நேரமும் கால கிளட்ச்சுலயே வச்சிருந்தா பிளேட்டு தேயாம என்ன செய்யும் மச்சான்?” என்பார் மாமா.

“நீ ஒழுங்கா பூட்டுனா நா ஏன் மிதிக்கப் போறேன் லா?” என்பார் அப்பா.

இந்த முறையும் தோற்றால் லோரியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று மானேஜர் சொல்லியிருந்தார். அப்பா மறுபடி பனங்குலை வெட்டப் போகவேண்டியதுதான். அதனால் மாமா சிரம்பானுக்குப் போய்ப் புது கிளட்ச் பிளேட் வாங்கிவந்தார். எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பிடித்துச் சக்கரத்துப் பக்கம் அனுப்புவது அந்த வட்டத் தகடுதான். வெள்ளிக்கிழமை மாலை அதைச் சாமி மேடையில் வைத்தார்கள். சந்தனம் குங்குமம் வைக்கும் வேலை எனக்கு. வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் போவார்களா என்று எனக்கு ஒரு கவலை வந்துவிட்டது. விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை இரண்டு பக்கமும் தேய்த்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஈரத்துணியால் துடைத்தேன். இரண்டு கரண்டிதான். மூன்றாகவும் இருக்கலாம்.

மறுநாள் காலை, மழைக்கு முன் முடிக்கும் அவசரத்தில் மாமா அதை அப்படியே பூட்டினார். அப்பா ஏறி மிதித்தார். எஞ்சின் அலறியது. லோரி நின்ற இடத்திலேயே நின்றது.

“கியர்பாக்ஸ் போச்சு” என்றார் அப்பா.

மாமா ஏறி உட்கார்ந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கடைசி கியரைப் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டார். எல்லாம் சரியாக இருந்தால் எஞ்சின் திணறி நின்றுபோக வேண்டுமாம். அதுவோ தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“கியர்பாக்ஸ் இல்ல மச்சான். பிளேட்டு வழுக்குது.”

“காலையில பூட்டுன புது பிளேட்டா? ரொம்ப நல்லா பூட்டுன போ!”

நான் எண்ணெய் தேய்த்ததைச் சொல்லிவிடலாமா என்று நினைத்து நினைத்து, சொல்லாமலே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். மாமா கியர்பாக்ஸை இறக்கி, பிளேட்டைக் கழற்றி, விரலால் தடவி முகர்ந்து பார்த்தார்.

“என் தப்புதான் மச்சான். பின்னால சீல் கசிஞ்சிருக்கு. எஞ்சின் எண்ணெய் பிளேட்டுல எறங்கிருச்சு.”

இரண்டு வருடமாக அந்த வாக்கியத்துக்குக் காத்திருந்த அப்பா, தானே போய் மாமாவுக்குக் கோப்பி வாங்கிவந்தார். மாமா பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துவிட்டு, உப்புத்தாளோடு என்னைக் கூப்பிட்டார்.

“இங்க வாம்மா. ரெண்டு பக்கமும் தேய். வழுவழுப்பு போயி சொரசொரன்னு ஆகணும்.”

பொழுது சாயும்வரை தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் எரிந்தது. நடுவில் மாமா ஒருமுறை வந்து பார்த்து, “இன்னும் கொஞ்சம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை போட்டியில் எங்கள் லோரி இரண்டாவதாக வந்தது. மானேஜர் அதை விற்கவில்லை. நான் தேய்த்த பிளேட்டால்தான் லோரி இழுத்தது என்று பள்ளியில் ஒருவர் விடாமல் சொன்னேன்.

இப்போது என் மகள் எதையாவது கொட்டிவிட்டால், ஏன் என்று கேட்பதற்குள் என் குரல் உயர்ந்துவிடுகிறது. கேட்டிருக்கலாமே என்று பிறகு தோன்றும்; மாமா நினைவுக்கு வருவார். எஞ்சின் எண்ணெய் கறுப்பாக இருக்கும், கருகல் வாடை அடிக்கும். நல்லெண்ணெய் வாடையை எந்த மெக்கானிக்கும் அதோடு குழப்பிக்கொள்ள மாட்டார். அன்று பட்டறையில் உப்புத்தாள் பிடித்துப் பழகிய இரண்டு ஆட்கள் வேலையில்லாமல் சும்மா நின்றிருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு மாமா என்னை ஏன் கூப்பிட்டார் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.